இந்தக் காடு எப்போது வந்தது?



எமது கிராண்ட்பாஸ் காரியாலயத்துக்கு வந்துபோகும் குடும்பங்களுள் முல்லைத்தீவுப் பக்கத்து ஐயா ஒருவரும் இருக்கின்றார். அவர் கையில் பழைய காணி அனுமதிப்பத்திரம் ஒன்றின் பிரதி உண்டு. எழுத்து பாதி அழிந்துபோயிற்று. அவர் உழுது விதைத்த காணி இப்பொழுது காடு என்றும், காட்டைத் துப்புரவு செய்யக் கூடாது என்றும் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. "என்ர காணிக்குள்ள காடு வந்ததே ஒழிய, நான் காட்டுக்குள்ள போகேல்லைத் தம்பி" என்றார் அவர்.

அந்த வார்த்தை எம்மை யோசிக்க வைத்தது. ஒரு காடு இன்று நிற்கின்றது என்பதனால் அது என்றும் நின்றது என்று ஆகிவிடாது. காட்டின் வயதையும், அதற்கு முன் அந்த மண்ணில் என்ன நடந்தது என்பதையும் அந்தக் காட்டைப் பார்த்தே ஓரளவுக்குச் சொல்லலாம். விவசாயிக்கு இயல்பாகவே உள்ள அவதானமும் கொஞ்சம் விஞ்ஞானமும் சேர்ந்தால் போதும். எமது நாட்டின் மலைக்காடுகளை வைத்து இதனைக் கற்றுக்கொள்வது சுலபம். ஏனென்றால் அங்கே நடந்தவை எழுத்திலும் உண்டு, மண்ணிலும் உண்டு. ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். ஆகவே முதலில் மலைக்கு ஏறுவோம், பின்னர் வன்னிக்கு இறங்குவோம்.

களனியும் கோப்பியும்

மலைக்கு ஏற நாம் கிராண்ட்பாஸை விட்டுப் போகவே தேவையில்லை. இங்கே ஓடும் களனி கங்கை சிவனொளிபாத மலைத் தொடரின் காடுகளில் பிறக்கின்ற மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து வருவது. கொழும்பின் குடிநீரிற் பெரும்பகுதி இதே ஆற்றில், சற்று மேலே அம்பத்தலையில் எடுக்கப்படுகின்றது. இந்தப் பகுதியின் பெயரே ஆற்றைக் கடக்கும் பெரிய கடவை என்ற பொருளில் வந்தது. 1820களில் இங்கே படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலம் ஒன்று போடப்பட்டது. 1895இல் விக்டோரியா பாலம் வரும் வரை கண்டி வீதி அந்தப் படகுப் பாலத்தின் மேலாகத்தான் போனது. 1867இல் கண்டிக்கு ரயில் ஓடும் வரை மலைநாட்டுக் கோப்பியிற் பெரும்பகுதி மாட்டு வண்டிகளில் இந்த வழியாகக் கொழும்புக்கு இறங்கிற்று. அந்த ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் மலையில் வெட்டுண்ட காடு ஒன்று இருந்தது.

வெட்டிய விதம் எமது வாசகர்கள் பலருக்குக் குடும்பக் கதையாகவே தெரிந்திருக்கும். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி நிறுத்துவார்கள். உச்சியில் உள்ள பெரிய மரத்தை மாத்திரம் முற்றாக வெட்டுவார்கள். அது சாய, அடுத்ததை இடிக்க, அது அதற்கடுத்ததை இடிக்க, முழுச் சரிவும் இடிமுழக்கம் போலச் சரியும். காய்ந்த பின் தீ. கோடரி வேலையிற் பெரும்பகுதியை ஒப்பந்தத்துக்கு வந்த சிங்களக் கிராமத்தவர்கள் செய்தார்கள். குழி வெட்டி, கன்று நட்டு, பழம் பறித்தது தலைமன்னாரில் இறங்கி வடக்குப் பாதையால் நடந்தே வந்த எமது பாட்டன் பூட்டன்மார்.

இதற்கு வழி திறந்துவிட்டது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடாகவோ தரிசாகவோ கிடக்கின்ற, ஆள் குடியில்லாத, பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குரியது என்றே கொள்ளப்படும். இல்லை என்பவர் அதனை நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். பல வருடங்களுக்கு ஒருமுறை மாத்திரம் பயிர்செய்யக்கூடிய சேனை நிலமும் இதற்குள் அடங்கிற்று. கண்டிப் பிரதேசத்தில் மன்னர் கொடுத்த சன்னஸ் அல்லது வரி கட்டிய சான்று இருந்தாலே தப்பலாம். 1844 வரை அரசு நிலம் ஏக்கர் 5 சிலிங்குக்குக் கூடப் போயிற்று.

சேனைக்காரனுடைய முறை என்ன? ஒரு துண்டை வெட்டி எரித்து, குரக்கனோ சாமையோ விதைத்து, ஓரிரு போகத்தின் பின் விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் திரும்பி வருவான். இடையில் அங்கே நிற்பது இளங்காடு. பார்க்க வந்த உத்தியோகத்தருக்கு அது வெறுங்காடு. கிராமத்தவனுக்கு அது ஓய்வெடுக்கும் வயல். இரண்டு பேரும் ஒரே மரங்களையே பார்த்தார்கள். இளங்காட்டை வாசிக்கத் தெரியாதது மாத்திரமா, அல்லது வாசிக்க விரும்பாததுமா என்று நாம் கேட்கலாம்.

1817-18இல் ஊவா வெல்லஸ்ஸவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது கிராமங்களும் விளைச்சலும் எரிக்கப்பட்டன, மக்கள் ஓடினார்கள். வெல்லஸ்ஸ என்றால் நூறாயிரம் வயல் என்று பொருள் சொல்வார்கள். ஒரு தலைமுறைக்குள் அங்கே பல இடங்களில் வரம்பின் மேல் மரம் நின்றது. இடம்பெயர்ந்தவர்களுடைய நிலம் எப்படிக் காடாகின்றது என்பது இந்த நாட்டுக்குப் புதிய கதையல்ல.

கோப்பி நிலைக்கவில்லை. 1869இல் இலையில் செம்மஞ்சள் தூள் போலக் காணப்பட்ட பூஞ்சண நோய் பதினைந்து இருபது வருடத்துக்குள் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 1870களின் கடைசியில் சுமார் 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அதற்குப் பதிலாகச் சிலர் சிங்கோனா நட்டார்கள். அதன் விலையும் விழுந்தது. கடைசியில் தேயிலை. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைதான் மலையை இன்று வரை மூடியிருக்கின்றது.

காடு முழுவதும் போகாமல் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்துப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், மலையுச்சிக் காடுகளை வெட்டினால் மழையும் ஆறும் கெடும் என்று எச்சரித்தார். அதன்பின் 5,000 அடிக்கு மேற்பட்ட அரசு காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. மலைநாட்டில் தேயிலை ஏறி ஏறிப் போய், ஓரிடத்தில் கோடு கிழித்தாற்போல நின்று, அதற்கு மேல் இருண்ட காடு தொடங்குவதை ரயிலில் போகும்போது கண்டிருப்பீர்கள். எல்லா இடத்திலும் அல்ல. முன்பே விற்ற துண்டுகள் அக்கோட்டைத் தாண்டியும் கிடக்கின்றன. என்றாலும் அந்த விளிம்பு ஓர் அரசாங்க உத்தரவின் தடம்.

காட்டுக்குள் எதைப் பார்ப்பது?

ஒரு காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மரங்களின் பருமனைப் பாருங்கள். பழங்காட்டில் எல்லா வயதும் இருக்கும்: கட்டிப்பிடிக்க முடியாத கிழமரம், இடைத்தர மரம், கோல், கன்று, விழுந்து உக்கிக் கிடக்கும் தண்டு. அதற்கு மாறாக, எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே பருமனில், ஒரே உயரத்தில் நின்றால் அவை ஒரே காலத்தில் முளைத்தவை. அதற்கு முன் அந்த இடம் வெட்டையாக இருந்தது. வெளிச்சத்தில் வேகமாக வளரும் மரங்கள் அங்கே அதிகமாக இருக்கும். மலைநாட்டின் தாழ்வான சரிவுகளில் சிங்களத்தில் கெந்த என்று சொல்லும் வட்டக்கண்ணி அப்படிப்பட்டது. அது நிழலில் முளைக்காது. ஆகவே உயர்ந்த வட்டக்கண்ணி நிற்கும் இடத்தில் அது கன்றாக இருந்த நாளில் வெயில் விழுந்திருக்கின்றது.

நெருக்கமான காட்டில் வளரும் மரம் வெளிச்சம் தேடி நேராக ஓடும், கீழ்க்கிளைகள் இரா. நெட்டையான மரங்களின் நடுவே ஒரே ஒரு மரம் மாத்திரம் தாழ்ந்த, அகன்ற கிளைகளோடு குடை போல நின்றால், அது தனியே வெளியில் வளர்ந்த மரம். காடு பிறகு வந்து அதனைச் சூழ்ந்துகொண்டது.

மரங்களுள்ளும் சில ஆளைக் காட்டிக்கொடுக்கும். காட்டின் நடுவே பலா, மா, கமுகு, நெருக்கமாக நிற்கும் கித்துள் ஆகியவற்றைக் கண்டால் அங்கே அடுப்பெரிந்த வீடு ஒன்று இருந்திருக்கலாம். ஒரு மரம் போதாது. வௌவாலும் குரங்கும் விதையைக் கொண்டு போகும். நாலைந்து வகை ஒன்றாக, அருகில் சமப்படுத்திய நிலமோ கிணற்றுக் குழியோ இருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். கோப்பிச் செடி நிழலிலும் பிழைக்கும். பழைய தோட்டம் காடாகிப்போன இடங்களில் அது தானாக விழுந்து முளைத்து நூறு வருடத்துக்குப் பின்னும் நிற்கின்றது. கூடவே சரிவை வளைத்துச் செல்லும் கல் வடிகான், வண்டி ஏறும் அளவுக்கு மெதுவாக உயரும் பாதை, மண் மூடிய மதகு ஆகியவை இருக்கும். யானைப் பாதையும் மான் பாதையும் உண்டு; அவற்றுக்கு மதகு கட்ட ஆளில்லை.

நக்கிள்ஸ் மலைத்தொடரில் இன்னொரு வகை உண்டு. அண்ணாந்து பார்த்தால் பெருங்காடு. கீழே குனிந்தால் கன்றுகள் இல்லை, இடைமரம் இல்லை, ஏலக்காய்ப் புதர்கள் மாத்திரமே. ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதனால் மேல்மரத்தை விட்டுவிட்டு அடிக்காட்டைத் துப்புரவாக்கினார்கள். வயது முதிர்ந்த மேல்மரங்கள் விழுந்தால் அவற்றின் இடத்துக்கு வர ஒன்றும் வளரவில்லை. ஏலம் உலர்த்திய வாடிகளின் சுவர்களும் அங்கங்கே கிடக்கின்றன. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாத மலைக்காடு, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்ந்து அது உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஏலம் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களின் கதை அந்தப் பிரகடனத்தில் அதிகம் இல்லை. காட்டின் அடியில் இருக்கின்றது.

மண்வெட்டி இருந்தால் இன்னும் வாசிக்கலாம். ஒரு முழம் தோண்டினால் கரித்துண்டுகள் படையாக வந்தால் அங்கே தீ எரிந்தது. கனமான, கறுத்த, குமிழ் விட்டுப் பொங்கிய கல் அகப்பட்டால் அது இரும்பு உருக்கிய கிட்டம். பலாங்கொடைக்குக் கிட்ட சமனலவெவவில் நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன் ஆராய்ந்தபோது, மேற்கு நோக்கிய சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்திய இரும்பு உலைகள் வெளிப்பட்டன. கில் ஜுலெஃப் என்ற அகழ்வாய்வாளர் இதனை 1996இல் உலகுக்குத் தெரிவித்தார்; உலைகளின் காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. உலை எரியக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே அந்தச் சரிவுகளில் கோடரி விழுந்திருக்கின்றது.

ஊர்ப் பெயரையும் விட்டுவிடக் கூடாது. சிங்களத்தில் 'ஹேன' என்று முடியும் பெயர் சேனையைச் சொல்கின்றது. எமக்கு அயலிலுள்ள கொட்டாஞ்சேனையின் பெயரையே ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

புல்வெளி எல்லாம் வெட்டிய காடல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை. வாசிக்கத் தொடங்கியவர் அவசரப்பட்டுப் பிழையாகவும் வாசிப்பார். மலையில் பத்தனை என்று சொல்லப்படும் புல்வெளிகளைப் பார்த்து, எல்லாமே மனிதன் அழித்த காடு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஊவாவின் வரண்ட சரிவுகளில் அதற்கு நியாயம் உண்டு. நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை போன்ற தடித்த பட்டை மரங்கள் மாத்திரம் புல்லின் நடுவே எட்ட எட்ட நின்றால், அங்கே திரும்பத் திரும்பத் தீ வைக்கப்பட்டிருக்கின்றது. தீயைத் தாங்காதவை போய், தாங்கியவை நிற்கின்றன.

ஆனால் ஹோட்டன் சமவெளி அவ்வளவு சுலபமல்ல. சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் உள்ள இந்தச் சமவெளியின் பள்ளங்களில் முற்றாக உக்காத தாவரங்கள் படை படையாகச் சேர்ந்த கறுத்த மண் உண்டு. ஒவ்வொரு வருடமும் காற்றில் வந்த பூந்தாது அதில் விழுந்து கெடாமல் இருக்கின்றது. குழாய் இறக்கி அம்மண்ணை எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் பூந்தாதுவை எண்ணினால் எந்தக் காலத்தில் எந்த மரம், எந்தப் புல் நின்றது என்று தெரியும். ரத்னசிறி பிரேமதிலகவும் அவருடன் சேர்ந்தவர்களும் இப்படி 24,000 வருடத்துக் கணக்கை வாசித்து 2003இல் வெளியிட்டார்கள். மழை குறைந்த காலத்தில் புல் பரந்ததும், மழை கூடியபோது காடு பரந்ததும் அதில் தெரிகின்றன. பல்லாயிரம் வருடத்துக்கு முன்பே அங்கே மனிதர் தீ வைத்தார்கள், தானியம் வளர்த்தார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். தானியம் பற்றிய பகுதியை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை.

தமிழ்நாட்டு நீலகிரியிலும் இதே கேள்வி. அங்கே சோலைக்காடும் புல்வெளியும் கலந்து கிடக்கின்றன. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் இத்தகைய மண்ணை எடுத்து ராமன் சுகுமாரும் மற்றவர்களும் ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். புல்வெளிக்கும் அங்கே இருபதாயிரம் வருடத்து வரலாறு உண்டு என்று கண்டார்கள். அந்தப் புல்லைத் தரிசு என்று எண்ணி வெள்ளையர் காலம் முதல் யூக்கலிப்டசும் வாட்டிலும் நட்டு மூடியது எவ்வளவு பெரிய பிழை!

எமது மலைகளிலும் 1970களின் பிற்பகுதி முதல் பத்தனைகளில் பைனஸ் வரிசையாக நடப்பட்டது. இதனை வாசிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை: ஒரே இனம், ஒரே வயது, நூல் பிடித்த வரிசை. ஹோட்டன் சமவெளிக்குள்ளேயே 1960களில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்ட துண்டுகள் உண்டு. அவ்விடம் 1988இல் தேசிய பூங்காவாயிற்று. பயிர் விட்டு இவ்வளவு காலமாகியும் அங்கே காடு திரும்பவில்லை. வந்தேறிப் புல்லே மூடியிருக்கின்றது. உயரத்தில், குளிரில், காடு மிக மெதுவாகத்தான் திரும்பும்.

வன்னிக்கு இறங்குவோம்

வன்னியின் வெப்பத்தில் அப்படியல்ல. 1990இல் விட்டுவந்த தோட்டத்தில் இன்று வீட்டுக் கூரையை விட உயரமான மரம் நிற்கின்றது. மலையில் நாம் கண்ட அடையாளங்கள் இங்கே வேறு உருவில் இருக்கின்றன.

முதலாவது வேலி. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டவை வெட்டப்படாமல் விட்டபோது மரமாகிவிட்டன. காடு தானாக வளர்ந்தால் பூவரசு நேர்கோட்டில் நிற்காது. அத்தகைய வரிசை ஒன்று மூலையில் திரும்பி இன்னொரு வரிசையாகப் போனால் அது ஒரு காணியின் எல்லை. கிணறு, புளி, மா, முருங்கையின் அடி, ஒற்றைத் தென்னை, உடைந்த அத்திவாரம் ஆகியவை வளவைச் சொல்லும். வயலுக்கு வரம்பு, வாய்க்கால், குளத்துத் துருசு, வான். மழை பெய்து முடிந்த மறுநாள் போனால் பற்றைக்குள்ளும் வரம்புகள் தெரியும். தண்ணீர் கட்டம் கட்டமாக நிற்கும்.

நிற்கும் மரங்கள் எவை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நாயுண்ணி, உடை, ஈச்சை, விளா என்பன விட்ட நிலத்தில் முதலில் வருபவை. பாலையும் வீரையும் மெதுவாகப் பருப்பவை. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பாலை முப்பது வருடத்தில் வராது. அப்படிப்பட்ட பாலைகள் நெருங்கி நிற்கும் இடம் உண்மையான பழங்காடு. அதனை எமது காணி என்று கேட்பது நியாயமுமல்ல, குளத்துக்குத் தண்ணீர் அனுப்பும் காட்டை இழப்பது எமக்கு நல்லதுமல்ல. இதை நாம் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதிசெய்யப்படாத பற்றைக்குள் ஒருபோதும் இறங்க வேண்டாம். வீதியில் நின்று பார்க்கக் கூடியதை மாத்திரம் பார்த்து எழுதுங்கள். பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம்.

மரம் சொல்வதற்குத் துணையாகக் காகிதமும் உண்டு. 1956இல் கனடாவின் உதவியோடு முழு இலங்கையும் ஆகாயத்திலிருந்து படம் பிடிக்கப்பட்டது. அன்று வயலாக இருந்த நிலம் அப்படத்தில் கட்டம் கட்டமாகவும், காடாக இருந்தது கருமையாகவும் தெரியும். பின்னரும் பல தடவை படம் எடுக்கப்பட்டது. இவற்றைப் பற்றி விசாரிக்க வேண்டிய இடம் கொழும்பு நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் திணைக்களம். கிராண்ட்பாஸில் இருப்பவர்களுக்கு அது தூரமல்ல. 1972 முதல் செய்மதிப் படங்களும் இருக்கின்றன. இன்று அவற்றைக் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். 1956க்குப் பின் காடு வெட்டிக் குடியேற்றப்பட்ட இடமானால் பழைய படம் உதவாது, எழுபது எண்பதுகளின் படமே வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள், பிரதி இல்லாவிட்டாலும் பிரதேச செயலகத்தில் பதிவேடு இருக்கின்றதா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

காகிதமும் மரமும் பொருந்தும்போதுதான் பலம். 1840இல் சேனைக்காரன் தோற்றதற்கு அவனிடம் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்ட வழியில்லாததும் ஒரு காரணம். அவனுடைய சாட்சி முழுவதும் அவனுடைய நினைவில் இருந்தது.

அந்த ஐயாவை அடுத்த முறை வந்தபோது ஒரு மேசையில் இருத்தி, தாளும் பென்சிலும் கொடுத்தோம். முதலில் தயங்கினார். பிறகு படலையைக் கீறினார்; படலையிலிருந்து கிணறு எத்தனை பாகம், கிணற்றிலிருந்து புளி எந்தத் திசை, கிழக்கு வேலியில் பூவரசு எத்தனை, மேற்கில் கிளுவை எங்கே முடிந்து முட்கம்பி தொடங்கிற்று என்று ஒவ்வொன்றாக வைத்தார். அவருடைய மனைவி பின்னால் நின்று, வடக்கு மூலையில் இரண்டு முருங்கை நின்றதை மறந்துவிட்டாரே என்று சொன்னார். அவற்றையும் சேர்த்துக்கொண்டோம். தாளின் அடியில் அன்றைய திகதியை எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள். பழைய அயலவர்கள் இருவர் வவுனியாவில் இருக்கிறார்களாம். அவர்களிடம் படத்தைக் காட்டாமல், அவர்களுடைய நினைவில் உள்ளதைத் தனியே கீறும்படி கேட்டுக் கடிதம் போட்டிருக்கின்றோம்.